கொல்லைப்புறக் கணக்கு: டெல்டா வீடுகளில் கழிவுநீர் எங்கே போகிறது?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் போன கார்த்திகையில் கழிவறை நின்றுபோனது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பீங்கானில் சுழன்று மெல்ல ஏறி, விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்றுகொள்ளும். அரை மணி கழித்துப் பார்த்தால் ஒரு விரல் இறங்கியிருக்கும். ‘தொட்டி நிறைஞ்சு போச்சு’ என்று முடிவு கட்டி, செப்டிக் டேங்க் லாரியை வரவழைத்தார் சித்தப்பா. லாரிக்காரர் குழாயை விட்டு முக்கால் மணி நேரம் உறிஞ்சினார். மூடியைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் சேறு தெரிந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் தொட்டி விளிம்பு வரை தண்ணீர். வீட்டில் இருப்பதே சித்தப்பாவும் சித்தியும்தான். இரண்டு பேர் ஒரே ராத்திரியில் ஒரு லாரித் தண்ணீரை ஊற்றியிருக்க முடியாது.

தண்ணீர் கீழேயிருந்து ஊறி வந்திருக்கிறது. தொட்டி கட்டிய அன்று நானும் அங்கே இருந்தேன் என்பதால் காரணம் எனக்குத் தெரியும். “அடி பூச வேணாங்கய்யா. பூசினா ரெண்டே வருஷத்துல நிறைஞ்சிடும். மண்ணா விட்டுட்டா அதுவே இழுத்துக்கும்” என்றார் கொத்தனார். “அப்ப அப்படியே விட்டுடுங்க கொத்தனாரே” என்றார் சித்தப்பா. கோடை முழுக்க மண் இழுத்துக்கொண்டதும் உண்மைதான். மழைக்காலத்தில் அதே மண் திருப்பிக் கொடுத்தது.

அன்று மத்தியானம் கொடிக்கயிற்றை எடுத்துவந்து தொட்டிக்கும் கைப்பம்புக்கும் இடையே பிடித்துப் பார்த்தோம். பதினான்கு அடி. சித்தி முப்பது வருடமாகக் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எடுத்த பம்பு அது.

டெல்டாவில் இதை ஒரு வீட்டின் கதை என்று ஒதுக்க முடியாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ‘செப்டிக் டேங்க்’ என்று சொல்லப்படுபவற்றில் எத்தனை உண்மையான செப்டிக் டேங்க் என்பதை மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். நாலோ அஞ்சோ சிமெண்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மேலே ஒரு மூடி போட்டு, அதையும் அதே பெயரில்தான் அழைக்கிறோம். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் நிறையவே இருக்கிறது.

செப்டிக் டேங்க் என்பது அடியும் பக்கமும் பூசி, நீர் கசியாதபடி கட்டிய தொட்டி. கழிவு உள்ளே வந்ததும் கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் மறுபக்கக் குழாய் வழியே வெளியேறும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏறக்குறைய 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூணே கால் அடி நீராழம் போதும். எப்படியும் 1,000 லிட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. 2,000 லிட்டருக்கு மேல் போனால் நடுவில் சுவர் வைத்து இரண்டு அறையாக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேற்றை எடுக்க வேண்டும். ஆக, ‘நிறைந்துவிடும்’ என்று கொத்தனார் பயமுறுத்தியது தொட்டியின் குறை அல்ல. தொட்டி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அதுதான். பத்து வருடமாக லாரியே கூப்பிடவில்லை என்று பெருமைப்படும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்திருக்குமே தவிர, சுத்தமான நீர் அல்ல. திடப்பொருளைத்தான் தொட்டி பிடித்து வைக்கிறது. கிருமியில் பெரும்பகுதி நீரோடு வெளியே போய்விடும். அதை வடிகட்டிக் கொல்ல வேண்டியது மண்ணின் வேலை. அதிலும் காற்றோட்டமுள்ள, உலர்ந்த மண்தான் அந்த வேலையைச் செய்யும். நீரில் ஊறிக் கிடக்கும் மண்ணில் கிருமி நிலத்தடி நீரோடு சேர்ந்து பயணம் போகிறது. அதனால்தான் எல்லாக் கணக்கும் கடைசியில் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே எவ்வளவு உலர்ந்த மண் இருக்கிறது என்பதில் வந்து நிற்கிறது.

டெல்டாவுக்கு வந்தால் அந்தக் கணக்கு இடிக்கிறது. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. குறுவை, சம்பா, தாளடி என்று வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. வைகாசியில் பத்தடி தோண்டினாலும் ஈரம் மட்டும் தெரியும் கொல்லையில், கார்த்திகையில் மண்வெட்டியை நாலு தடவை போட்டால் ஊற்று. குழி தோண்டுவதோ கோடையில். அப்போதுதான் ஆளும் கிடைக்கும், மண்ணும் கிடைக்கும். அதாவது, வருடத்தின் மிகப் பொய்யான மாதத்தில் மண்ணைப் பார்த்துவிட்டு, கழிவறையைத் திட்டமிடுகிறோம்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் களிமண். தண்ணீர் இறங்கவே இறங்காது. வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் வரை கடலோரத்தில் மணல். விட்டதும் காணாமல் போகும், வடிகட்டுவதற்கு அது நேரமே கொடுக்காது. களிமண்ணில் கழிவுநீர் மேலே பொங்கும், மணலில் பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை. ஒரு சின்னக் குழி தோண்டி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊற விட்டு, மறுநாள் மறுபடி ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைபேசியில் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், அந்த மண்ணை நம்பி, தொட்டி நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழி போடக் கூடாது. எங்கள் ஊரில் இதை யாராவது செய்து நான் பார்த்ததில்லை. வாஸ்து பார்க்க மட்டும் ஆள் வருகிறார்.

தூரக் கணக்குக்கு வருவோம். இரண்டு குழிகளை மாறி மாறிப் பயன்படுத்தும் இரட்டைக் குழிக் கழிவறைக்கு, குழியின் அடி நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருந்து, மண்ணும் நுண்ணியதாக இருந்தால், கிணற்றுக்கு 3 மீட்டர் தூரம் போதும். நீர்மட்டம் அதற்கு மேலே ஏறுமானால் 10 மீட்டர். மண்ணும் பருமணலாக இருந்தால், அதோடு குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டருக்கு மணல் கொட்ட வேண்டும். செப்டிக் டேங்க் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழி என்றால் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர். அடியில் சொன்னால் 59.

இப்போது மூன்று சென்ட் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு நாற்பத்து மூன்றரை அடி என்று வைத்தால், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்தாலும் 53 அடிதான் வரும். அந்த மனைக்குள் வீடும் கிணறும் உறிஞ்சு குழியும் விதிப்படி அமையவே அமையாது. சரி, தன் கிணற்றைக் காப்பாற்றிக் குழியை எதிர் வேலி ஓரம் தள்ளினால், வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கைப்பம்பு. விதி வீட்டுக்கு எழுதப்பட்டிருக்கிறது. தண்ணீருக்கு வேலி தெரியாது. டெல்டாவில் தெருவை ஒரே அலகாக எடுத்து எங்கே கிணறு, எங்கே தொட்டி என்று பிரிக்காதவரை, தனித்தனி வீட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கழிவறையும் அடுத்தவர் தலையில் விடியும் என்பதே என் கட்சி.

மனை ஏன் மூன்று சென்ட் ஆனது, ஏன் பள்ளத்தில் ஆனது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. கீழத்தஞ்சையின் பண்ணையாட்களுக்குச் சொந்த மனை கிடையாது. மிராசுதார் நிலத்தின் ஓரத்தில், வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே, கீற்றுக் குடிசை. கூலி கேட்டால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம் என்னும்போது, அங்கே எவன் செங்கல் வைப்பான், எவன் கழிவறை கட்டுவான்? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். 1971-ல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கியது. தமிழகச் சுகாதார வரலாற்றில் இந்தச் சட்டத்தை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. நான் சேர்ப்பேன். சொந்த மண் இல்லாதவரிடம் சுகாதாரம் பேசிப் பயனில்லை. ஆனால் சட்டம் உரிமையைக் கொடுத்ததே தவிர, பள்ளத்தை மேடாக்கவில்லை. கிடைத்த மனை பெரும்பாலும் தண்ணீர் தேங்கும் அதே இடம்.

அக்ரகாரத்துக்கும் மேலத்தெருவுக்கும் வேறு ஏற்பாடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று ரயில்பெட்டி போல நீளும் வீடு, கடைசியில் கொல்லை. கும்பகோணம், மயிலாடுதுறைப் பழைய தெருக்களில் கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து ஓடும். மலத்தைக் கையால் அள்ளும் எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வருபவர் வாசல் பக்கம் வராமல் போக அமைந்த வழி. வீடு சுத்தமாக இருந்தது உண்மை. அதன் பாரத்தை எந்தத் தலை சுமந்தது என்பதும் உண்மை.

இனித் திட்டங்கள். மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தது 25 சதுர மீட்டர், சமதளப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய். 2024-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி, 3.5 லட்சம். 2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் கழிவறைக்கு 12,000. கீற்றுக் கொட்டகையோடு ஒப்பிட்டால் இவை பெரிய மாற்றம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் கீற்று வீடுகளை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்குக் கான்கிரீட் கூரையின் அருமை தெரியும்.

ஆனால் எல்லாத் திட்டமும் சதுர அடியைத்தான் முதலில் எண்ணுகிறது. நான் முதலில் கேட்பது தரை உயரத்தை. சுற்றுப்புற நிலத்துக்குக் குறைந்தது 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி மேலே வீட்டுத் தரை இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கட்டும்போது அப்படித்தான் கட்டுகிறார்கள். அப்புறம் சாலை போடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை. மூன்றாவது தடவையில் வாசல் படி சாலைக்குச் சமமாகி, நாலாவது தடவையில் தெருத் தண்ணீர் திண்ணைக்கு வந்துவிடும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எழுதினார். எங்கள் தெருவுக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.

அறை, ஜன்னல் விஷயம் இதைவிட எளிது. புழங்கும் அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமல், அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர், நம்மைப் போன்ற ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. பத்துக்குப் பத்தரை அடி அறைக்கு நாலுக்கு நாலரை அடி ஜன்னல் ஒன்று போதும். அதை வைத்துவிட்டு, திருட்டுப் பயத்தில் வருடம் முழுக்க மூடியே வைத்திருப்பது வேறு விஷயம்.

கொசுவுக்கு வருவோம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் வளரும், அதனால் டயர், தொட்டி, தேங்காய்ச் சிரட்டை என்று எல்லோருக்கும் பாடம் ஆகிவிட்டது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு வேண்டியது கெட்ட தண்ணீர். சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான் அதன் பிறந்த வீடு. கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது அறுபது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்தது அதற்காகத்தான். தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாயின் வாயில் ஒரு சாண் கொசுவலையைச் சுற்றி கம்பியால் கட்டினால், அந்தத் தொட்டியில் பிறக்கும் கொசு வெளியே வர அந்த வழி அடைபடும். பழைய கொசுவலைத் துண்டே போதும். மாலையில் மாடியில் நின்று தெருவைப் பாருங்கள். நூறு காற்றுக்குழாயில் எத்தனைக்கு வலை இருக்கிறது என்று எண்ண ஒரு கை விரல் மிச்சப்படும்.

கைப்பம்பை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீருக்கு மாறினால் தீர்ந்ததா? கடைமடையில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டதால், கொள்ளிடத் தண்ணீர்தான் குழாய் வழியே வேதாரண்யம் வரை போகிறது. அது பெரிய வரம். ஆனால் குழாயும் அதே மண்ணுக்குள்தான் கிடக்கிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. விரிசல் இருந்தால் சுற்றி நிற்கும் கழிவுநீர் உள்ளே ஏறிவிடும். காவிரி கடலில் சேரும் பகுதியிலேயே, காரைக்காலில், 2022 ஜூலையில் வயிற்றுப்போக்கு பரவி, சிலருக்குக் காலரா உறுதியாகி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததுதான் அப்போது காரணமாகப் பேசப்பட்டது.

இன்னொரு சிக்கல் டெல்டாவுக்கே உரியது. இங்கே மேலூரின் வடிகால் கீழூரின் பாசன வாய்க்கால். ராஜராஜன் காலத்து மூளை என்று நாம் மெச்சிக்கொள்ளும் சிக்கனம் அது. நெல்லுக்கு அந்தச் சிக்கனம் நல்லது. ஆனால் ராத்திரியில் லாரிக்காரர் வடிகாலில் திறந்துவிடும் கழிவுக்கும் அதே வழிதான். ‘ஊருக்கு வெளியே’ என்று ஓர் இடம் டெல்டாவில் இல்லை. எங்கே கொட்டினாலும் அது இன்னொரு ஊரின் உள்ளே. லாரியைக் கூப்பிடும்போது விலை பேசுகிறோமே தவிர, எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்பதில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

லாரி வராத சந்தில் ஆளை இறக்குவது இன்னும் நடக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது குற்றம். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு தேங்கியிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் வெளியே வர மாட்டார். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பின்னே என்னதான் செய்வது? டெல்டாவுக்கு விடை மேலே இருக்கிறது, கீழே இல்லை. குழி தோண்டுவதை விட்டுவிட்டுத் தரைக்கு மேலே கட்ட வேண்டும். காவிரிக் கரையில் முசிறிப் பக்கம் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் அமைப்பின் சுப்புராமன், நீர்மட்டம் உயர்ந்த ஊர்களில் சூழல் கழிவறைகளைக் கொண்டுவந்தார். மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து, தரைக்கு மேலே கட்டிய அறையில் சாம்பல் தூவிக் காயவைத்து உரமாக்கும் முறை. அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முறை நல்லது, ஆனால் கால் கழுவ ஒரு இடம், மற்றதற்கு ஒரு இடம் என்று நகர்ந்து உட்காரும் பழக்கத்தை எல்லா வீட்டிலும் எதிர்பார்க்க முடியாது என்பது என் அனுபவம்.

சித்தப்பா வேறு வழி எடுத்தார். பங்குனியில் நீர் இறங்கியதும் பழைய உறைக் குழியை மணல் போட்டு மூடினார். புதுத் தொட்டியில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே. அடியில் கான்கிரீட், உள்ளே சுற்றிலும் பூச்சு, இரண்டு அறை. வெளியேறும் குழாய், கார்த்திகையில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு சாண் மேலே. அந்தக் கோடு சுவரில் இன்னும் பழுப்பாகத் தெரிந்ததால் அளப்பது சுலபமாக இருந்தது. குழாய் போய்ச் சேரும் இடத்தில் செங்கல் கட்டி உயர்த்தி, ஜல்லியும் மணலும் நிரப்பி, கல்வாழை நட்டார்கள். குளிக்கிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் தொட்டியில் விடாமல் தனியாக வாழைக்குத் திருப்பிவிட்டார்கள். அத்தனை தண்ணீரும் தொட்டிக்குள் வந்தால் சேறு படியவே நேரம் கிடைக்காது. காற்றுக்குழாய்க்கு வலை. கைப்பம்புத் தண்ணீர் இப்போது மாட்டுக்கும் துணிக்கும் மட்டும். லாரியை மட்டும் இனிச் சித்திரையில்தான் கூப்பிட வேண்டும். மழைக்காலத்தில் காலி செய்தால், பூசிய தொட்டி நீரின் அழுத்தத்தில் படகு மாதிரி மேலே எழும்பக்கூடும்.

தொட்டி உயர்ந்ததால் கழிவறையும் உயர்ந்து, இப்போது நாலு படி ஏற வேண்டியிருக்கிறது. சித்திக்கு முட்டி வலி. “உங்க ஆராய்ச்சிக்கு நான்தான் ஏறி எறங்கணும்” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய் பதித்துக் கொடுத்திருக்கிறோம்.

வேலிக்கு அந்தப் பக்கம், சித்தியின் கைப்பம்பிலிருந்து ஒன்பது அடியில், பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் புதிதாக அஞ்சு உறை இறக்கினார். அதே கொத்தனார். அடி பூசவில்லை.